ஃபோர்மேன் சாப்பிடவில்லை

ஆடி பிறந்துவிட்டால் ஊட்டிப் பக்கத்து எமரால்டில் மழை வந்து குடியேறிவிடும். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் நிற்கும். சாயங்காலம் கதவைச் சாத்தினால் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மின்வாரியக் குடியிருப்பில் உள்ள பெண்கள் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி உலர்த்துவார்கள். உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக் கிடக்கும். அந்த வருஷம் மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. அவலாஞ்சிப் பக்கம் மரங்கள் சாய்ந்து லைன் அறுந்து போக, இந்துமதியின் கணவன் ஜெகதீசனும் மற்ற லைன்மேன்களும் ஜீப்பில் ஏறிப் போனார்கள். போனவர்கள் பாதை அடைபட்டு மேலேயே தங்கும்படி ஆயிற்று.

புறப்படும்போது ஜெகதீசன் அவளிடம் சொன்னது ஒன்றுதான்.

"ஃபோர்மேனப் பாத்துக்க இந்து. மழையில வெளிய உட்றாத."

ஃபோர்மேன் என்பது நாயின் பெயர். குட்டியாகக் குந்தாவில் கேன்டீனுக்குப் பின்னால் நனைந்து கிடந்ததை லைன்மேன்கள் தூக்கிவந்து வளர்த்தார்கள். செம்மண் நிறம். கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. கால் முளைத்த நாளிலிருந்து அவர்களோடு லைன் பார்க்கப் போயிற்று. காட்டுக்குள் எல்லோருக்கும் முன்னால் போகும். கம்பத்துக்குக் கம்பம் நின்று, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கும். மேலே ஏறினவன் இறங்குகிறவரை அசையாது. "வேல ஒழுங்கா நடக்குதான்னு பாக்குதுய்யா" என்று யாரோ சொல்லப் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது நிஜமான ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரே அந்தப் பெயரைச் சொல்லி பிஸ்கட் போட ஆரம்பித்தார்.

அதெல்லாம் முந்தின கதை. இப்போது ஃபோர்மேனுக்குக் கண்ணில் பால் படர்ந்துவிட்டது. காது மந்தம். இடுப்பு பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கும்போது முன்னங்கால் முதலில் எழும், பின்பாதி யோசித்து யோசித்து எழும். ஜெகதீசன் வீட்டு விறகுக் கொட்டகைதான் அதற்கு இடம். இந்துமதி அன்னூர்க்காரி. கடலைக்காட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். அவள் ஊரில் நாய் வாசலில் கிடக்கும், ஊட்டுக்குள் வராது. கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகும் அதுவே அவளுக்கு வழக்கம். காலையிலும் மாலையிலும் தட்டில் சோறு வைப்பாள், தட்டைக் கழுவி எடுப்பாள். அவளுக்கும் அதற்கும் பகை எதுவும் இல்லை. பெரிய பழக்கமும் இல்லை.

ஜெகதீசன் போன மறுநாள் வைத்த சோறு அப்படியே இருந்தது. அவனைத் தேடுகிறது என்று நினைத்தாள். அடுத்த நாளும் இருந்தது. ரசஞ்சோறு பிடிக்கவில்லையோ என்று பால் ஊற்றி வைத்தாள். மழைத்துளி விழுந்து பால் நீர்த்ததுதான் மிச்சம்.

கரண்ட் இல்லை. டீவி இல்லை. வேறு வேலையும் ஓடவில்லை. இந்துமதி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கொட்டகை வாயில் குடையோடு உட்கார்ந்து நாயைப் பார்க்கத் தொடங்கினாள். இத்தனை வருஷத்தில் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

நாய் எழுந்தது. நாலு காலும் நிலைக்கிற வரைக்கும் நின்றது. மூக்கைத் தரையோடு நீட்டிக்கொண்டு நேராகத் தட்டுக்கு வந்தது. மோந்தது. நாக்கை நீட்டி ஒரு வாய் எடுத்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. அடுத்த நொடி வாயிலிருந்து சோறு விழுந்தது. நாய் பின்னால் நகர்ந்து தட்டைப் பார்த்தபடி நின்றது. எச்சில் நூலாய் இறங்கியது. போய்ப் படுத்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் எழுந்து, அத்தனை பாடும் பட்டு, மறுபடியும் தட்டுக்கே வந்தது.

கீழே எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வீரம்மா அரிசி கழுவின தண்ணீருக்காக வந்தாள். அவளுக்கு ஒரு ஆடு உண்டு. சிறுபிள்ளையாக இலங்கையிலிருந்து வந்தவள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப் போனவள். மழைக்குச் சாக்கைத் தலையோடு மூடிக் கொங்காணியாகப் போட்டிருந்தாள்.

"என்னா புள்ள, மழைக்குள்ள கொடையப் புடிச்சிக்கிட்டு நாய்க்குக் காவலா?"

"திங்க மாட்டேங்குதுங்கக்கா."

வீரம்மா குனிந்து பார்த்தாள். "வயசு போயிருச்சில்ல. எங்கப்பா போறப்பயும் இப்பிடித்தான். கடைசி ஒரு கெழமைக்கு, ஏழு நாளும், தேத்தண்ணிகூட வாயில வாங்கல. போற சீவன் வயித்தக் காலி பண்ணிக்கிட்டுத்தான் போகும்."

"உங்கப்பா சாப்பாட்டுத் தட்டுகிட்ட வந்து நின்னாருங்களா?"

"அதெப்பிடி. அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு."

"இது வந்து நிக்குதுங்கக்கா. மறுபடி மறுபடி வந்து நிக்குது."

வீரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். நாய் மூன்றாம் தடவை எழ முயன்றது.

குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும் போன் எடுக்கும். சாயங்காலம் ஜெகதீசன் கூப்பிட்டான். காற்றின் இரைச்சலுக்குள் அவன் குரல் வந்து வந்து போனது.

"சாப்புட்டானா?"

"இல்லீங்க."



"இந்து, நாஞ்சொல்றதக் கேளு. அவனுக்கு வயசாயிருச்சு. நா வர்ற வரைக்கும் இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி... அவனத் தூக்கி ஊசி கீசின்னு போட்டுப் பொரட்டாத. நிம்மதியாப் போகட்டும்."

"ஏனுங்க, நீங்க பாக்கலீங்க. நா பாத்துட்டு இருக்கறனுங்க. எந்திரிக்க முடியாம எந்திரிச்சு வருதுங்க. வாயில எடுக்குது. எடுத்துட்டுக் கீழ போடுது. அதுக்குப் பசிக்குதுங்க. பசிக்கற சீவனப் போன்னு எப்புடீங்க சொல்றது?"

"ரோடு கெடக்கற கெடையில எங்க கூட்டிட்டுப் போவ? நீ ஒண்டியா..."

அதோடு கட்டாகிவிட்டது. அவள் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். கிடைக்கவில்லை. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. கணவன் பேச்சைத் தட்டி அவள் பெரிதாக எதுவும் செய்ததில்லை. அவன் குரல் உடைந்ததும் அவளுக்குக் கேட்டிருந்தது. அவன் அழுதுகொண்டு சொன்னதால் அது சரியாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

விடிந்ததும் காய்கறித் தோட்டக்கார இத்தலார் வினோத்தின் பிக்கப் குடியிருப்பு வழியாகக் கேரட் மூட்டையோடு ஊட்டிக்குப் போகும் என்று தெரியும். மழை எவ்வளவு பெய்தாலும் பிடுங்கின கேரட் காத்திருக்காது. இந்துமதி ஜெகதீசனின் பழைய மழைக்கோட்டை விரித்து நாயை அதில் சுருட்டித் தூக்கினாள். தூக்கினபோது திடுக்கிட்டாள். அவ்வளவு பெரிய நாய்க்கு எடையே இல்லை.

வாசலில் வீரம்மா நின்றாள். தலையில் சாக்கு.

"மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலீங்களாக்கா?"

"இந்த மழைக்கு வேல இல்லேன்னுட்டாங்க. லயத்துல இருந்து என்னா பண்றது. நானும் வாறேன், நீ ஒத்தைல தூக்குவியா?"

வினோத் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது உசுரோடதான இருக்குது?"

"உசுரோடதாம்பா இருக்குது. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்" என்றாள் இந்துமதி.

"ஃபோர்மேனுங்களா? ஏறுங்க ஏறுங்க. எங்க தோட்டத்துல கம்பம் சாஞ்சப்ப இவருதான் மொதல்ல வந்து பாத்துட்டுப் போனாரு."

வழியெல்லாம் சீகை மரங்கள் முறிந்து கிடந்தன. ஒரு இடத்தில் பொக்லைன் வந்து மண்ணை அள்ளுகிறவரை காத்திருந்தார்கள். முத்தோரை பாலாடா தாண்டும்போது பள்ளத்துத் தோட்டங்கள் எல்லாம் ஏரியாகிக் கிடந்தன. மலை உச்சியிலிருந்து, நேற்றுவரை இல்லாத அருவிகள் வெள்ளை வெள்ளையாய் இறங்கின. இந்துமதி மடியில் கிடந்த நாய் ஜன்னல் இடுக்கில் வந்த காற்றுக்கு மூக்கை ஏந்திக்கொண்டே வந்தது. வண்டி திரும்பும் இடமெல்லாம் மூக்கும் திரும்பிற்று. கண் தெரியாத அது எதையெல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறதோ என்று அவளுக்குத் தோன்றியது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸிந்தா இருந்தார். கூடலூர்க்காரர், நடுவயது. வெள்ளைக் கோட்டுக்குள் தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். நாயை மேஜையில் படுக்க வைத்ததும் அவர் தொடவில்லை. தன் புறங்கையை அதன் மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு தெரியாதவங்களச் சொல்லாமத் தொட்டா பயந்துருவாங்கல்ல."

நாய் மோந்து முடித்தது. அப்புறம்தான் அவர் கை கழுத்தில் இறங்கியது. விரல்கள் தோளில் போய் நின்றன.

"இங்க கட்டியா ஒண்ணு இருக்கு, பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்களே."

"முள்ளம்பன்னி முள்ளு. உள்ளயே ஒடஞ்சு நின்னு, சுத்திச் சதை மூடியிருச்சு. ரொம்ப வருஷம் ஆயிருக்கும். அத ஒண்ணும் பண்ண வேண்டாம்." கை விலாவுக்குப் போனது. ஒவ்வொரு எலும்பாக நகர்ந்து மறுபடி நின்றது. "இது எப்ப ஒடஞ்சது?"

"ஒடஞ்சுதுங்களா?"

"ரெண்டு எலும்பு ஒடஞ்சிருக்கு. கோணலா ஒட்டியிருக்கு. மாடு கீடு முட்டியிருக்கலாம். மூச்சு விட்டாலே வலிச்சிருக்கும் இதுக்கு. கட்டு கிட்டு ஏதாச்சும் போட்டீங்களா?"

"யாருக்குமே தெரியாதுங்க டாக்டர். அது ஒரு நாளும் படுத்ததில்லீங்க."

"கைய வச்சுப் பாருங்க."

இந்துமதி கையை வைத்தாள். ரோமத்துக்கும் தோலுக்கும் கீழே, விறகுக் கணுப் போல இரண்டு முண்டுகள். அவற்றின் மேலே மூச்சு ஏறி இறங்கியது. அந்த நாட்களிலும் அவள் சோறு வைத்திருப்பாள், தட்டைக் கழுவியிருப்பாள். அது விலா ஒடிந்து காட்டுக்குப் போய்வந்திருக்கிறது. யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் தானே தன்னை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.

டாக்டர் மேலுதட்டை மெல்லத் தூக்கினார். டார்ச் அடித்தார். நாய் அதுவரை விடாத சத்தம் ஒன்றை விட்டது.

"வாங்க, பாருங்க."

பின்னால் பெரிய பல். பாதி கறுத்திருந்தது. சுற்றிலும் ஈறு வீங்கிச் சீழ் கட்டி நின்றது. கண்ணுக்குக் கீழே கன்னம் புடைத்திருந்ததை இந்துமதி அப்போதுதான் கண்டாள்.

"இதனாலதான் திங்கல. வாயில எடுத்தா உயிரு போற வலி. எல்லாரும் என்ன நெனைக்கறாங்கன்னா, கெழட்டு நாய் திங்கலையா, அது அவ்வளவுதான்னு விட்டுடறாங்க. வயசு ஒரு நோயில்லம்மா. வயசுக்குப் பின்னால ஒரு நோய் ஒளிஞ்சிருக்கும். நீங்க பாத்துக் கொண்டுவந்தீங்க."

"நா சொன்னேன், அவரு சாகத்தான் போறாருன்னு" என்றாள் வீரம்மா, யாரிடமும் இல்லாமல்.

"வலிக்கு மனுஷ மாத்திர ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"தலவலி மாத்திர குடுக்கலாமான்னு நெனச்சேனுங்க. குடுக்கல."

"நல்லவேள. அது கிட்னியக் கெடுத்துரும். எந்த மாத்திரையும் கேக்காமக் குடுத்துராதீங்க." ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து நேராகச் சொன்னார். "பல்லப் புடுங்கணும். அதுக்கு மயக்கம் குடுக்கணும். கிட்னி கொஞ்சம் தளர்ந்திருக்கு, இதயத்துலயும் வேண்டாத சத்தம் கேக்குது. நா பாத்துப் பாத்துத்தான் குடுப்பேன். ஆனா இந்த வயசுல எந்திரிக்காமப் போறதுக்கும் வாய்ப்பு உண்டு. புடுங்காம விட்டா சீழ் ஏறிப் பட்டினியில போகும். நீங்க சொல்லுங்க. ஊட்டுக்காரர்கிட்ட வேணா கேளுங்க."

இந்துமதி வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே குரல். மழைத்தாரைக்கு அந்தப் பக்கம் ஒரு பசு, கட்டுப் போட்ட காலோடு பொறுமையாக நின்றது. நாய் செத்துப்போனால் ஜெகதீசனிடம் என்ன சொல்வது? போட்டுப் புரட்டாதே என்றான், புரட்டி மேஜையிலேயே சாகவிட்டாள் என்றுதானே ஆகும்? அவன் திட்டமாட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திட்டாமல் கொட்டகைப் பக்கம் போய் நிற்பான்.

உள்ளே வந்தாள்.

"பண்ணுங்க டாக்டர்."

ஊசி போடும்போது தன் உள்ளங்கையை அதன் மூக்கடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு கையில் பட்டுப் பட்டு, மெல்ல மெல்ல நீளமாயிற்று. பிறகு அவளை வெளியே போகச் சொன்னார்கள்.

எதிர்க் கடையில் வீரம்மா டீயும் வர்க்கி ரொட்டியும் வாங்கிவந்தாள். இந்துமதி டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"குடி புள்ள. குடிக்காட்டி அதுக்கு நல்லாயிருமா?" வீரம்மா வர்க்கியைத் தேத்தண்ணியில் முக்கினாள். "எங்களுக்கும் அங்க இலங்கையில லயத்துல நாய் ஒண்ணு இருந்துச்சு. மணின்னு பேரு. இங்க வர்ற கப்பலுக்கு எங்க பேரு வந்ததும் சாமானெல்லாம் கட்டுனோம். நாயக் கப்பல்ல ஏத்த மாட்டாங்கல்ல. லொறிக்குப் பின்னாலயே வந்துச்சு. பாலம் வரைக்கும் வந்துச்சு. எங்கம்மா என் தலையப் புடிச்சு மடியில அமுக்கிட்டாங்க, பாக்கக் கூடாதுன்னு."

"அப்புறம் யாரு பாத்துக்கிட்டாங்க?"

"யாருக்குத் தெரியும்." வீரம்மா டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து நீ கொடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தியா. வீட்டுக்குப் போயும் அதே நெனப்பாப் போச்சு. அதான் வந்தேன்."

கூப்பிட்டார்கள். நாய் கம்பளியில் கிடந்தது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தட்டில் பல். ஈறுக்குமேல் தெரிந்ததைப்போல இரண்டு பங்கு நீளம் வேர்.

"பல்லு வந்துருச்சு. இனி அவரு வரணும்" என்றார் டாக்டர்.

இந்துமதி தரையில் உட்கார்ந்து முகத்தை அதன் முகத்தருகே வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எதுவும் அசையவில்லை. விலா மட்டும் அந்த இரண்டு முண்டுகளோடு ஏறி இறங்கியது. பிறகு மூக்கின் ஓரம் சுருங்கி விரிந்தது. கண் மூடியிருந்தது, கால் துவண்டிருந்தது, நாக்கு தொங்கிக் கிடந்தது. மூக்கு மட்டும் விழித்துக்கொண்டது. அவள் கையை மோந்தது, புடவையை மோந்தது, டீயின் வாசனை ஒட்டிய வீரம்மாவின் விரல்களைத் தேடி மோந்தது. எங்கோ ஆழத்தில் போய்விட்ட ஒரு உயிர், மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருவதை இந்துமதி கண்ணால் பார்த்தாள். கடைசியில் வால் நுனி கம்பளியில் ஒரு தரம் தட்டியது.

"வந்துட்டாரு" என்றார் டாக்டர். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

புறப்படும்போது விவரமாகச் சொன்னார். சிமெண்டுத் தரையில் போடாதீர்கள், குளிர் இடுப்பில் ஏறும். வழுக்காமல் சாக்கோ கம்பளியோ விரியுங்கள். சோற்றைக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். உப்பு வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நகத்தை வெட்டுங்கள், நகம் நீண்டதால்தான் கால் விரிந்து போகிறது. வீட்டில் சாமான்களை இடம் மாற்றாதீர்கள், அது எல்லாவற்றையும் மனசில் வைத்து நடக்கிறது. தினமும் ஒரே பாதையில் கொஞ்சம் நடத்துங்கள்.

"வலிக்குதுன்னு சொல்லாதும்மா அது. இதுவரைக்கும் சொன்னதே இல்லைன்னு அதோட உடம்பே சொல்லுது. நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

இந்துமதி நாயை ஊட்டுக்குள் கொண்டுவந்தாள். சமையலறையில் அடுப்புக்கு எதிர்மூலையில் பலகை போட்டு, மேலே சாக்கு, அதற்கு மேலே கல்யாணத்துக்கு வந்த கம்பளி. மறுநாள் காலை அரிசியும் பூசணியும் கோழி ஈரலும் குழைய வேகவைத்து, ஆறவைத்து, விரலால் மசித்துத் தட்டில் வைத்தாள். ஃபோர்மேன் எழுந்தது. மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாய் எடுத்துவிட்டு, பழக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றது. வலி வரும் என்று காத்தது போல இருந்தது. வரவில்லை. இன்னொரு வாய் எடுத்தது. அப்புறம் தட்டு தரையில் உராய்ந்து நகர்கிற சத்தம் மட்டும்தான். மழைச் சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்டுக்கொண்டு அவள் கரண்டியோடு நின்றாள்.

அதுவரை அவன் போன் கிடைக்கவேயில்லை. பாதை திறந்து ஜெகதீசன் வந்தபோது நேரே கொட்டகைக்குத்தான் போனான். கொட்டகை காலியாகக் கிடந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கேயே நின்றான். இந்துமதி வாசலுக்கு வந்தாள்.

"எங்க போட்ட?" என்றான். புதைத்த இடத்தைக் கேட்கிறான்.

"உள்ளதானுங்க."

"ஊட்டுக்குள்ளயா?"

"ஊட்டுக்குள்ளதானுங்க. பூட்ஸக் கழட்டிட்டு வாங்க, கம்பளி விரிச்சிருக்குது."

ஃபோர்மேன் தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவன் நடை அதன் காதில் விழவில்லை. அவன் நடு அறையைத் தாண்டும்போதே அதன் மூக்கு திரும்பிவிட்டது. பிறகு வால் அடித்தது. அதற்கும் பிறகுதான் கண் திறந்தது. ஜெகதீசன் ஈரத் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்தான். இந்துமதி அவன் கையைப் பிடித்து விலாவின் மேல் வைத்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் விரலால் அந்த முண்டுகளைத் திரும்பத் திரும்பத் தடவினான்.

"எப்ப ஒடஞ்சுதோ தெரியலியே" என்றான். "நாங்க ஒரு நாளு விடாமக் கூட்டிட்டுப் போயிருக்கறோம் இந்து. ஒரு நாளு விடாம இது வந்திருக்குது."

ஆவணி பிறந்து மழை கொஞ்சம் மூச்சு விட்டது. காலையில் சோறு வைத்த பிறகு நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போவது இந்துமதியின் வேலையாகியிருந்தது. குடியிருப்புக்குப் பின்னால், கற்பூர மரங்களுக்கும் தேயிலைக்கும் நடுவே போகிற பாதை. நாலு எட்டு வைக்கும், நிற்கும், மோக்கும். அவளும் நிற்பாள். முன்னெல்லாம் அந்தப் பாதை அவளுக்கு ஒரு பாதை, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு புல்லுக்கும் ஏதோ சேதி இருக்கிறது என்று தெரிந்தது. சேதி என்ன என்று தெரியவில்லை. அது படித்து முடிக்கிற வரை காத்திருப்பாள்.

அன்றைக்குப் பனிமூட்டம் அடர்ந்திருந்தது. கையை நீட்டினால் விரல் மங்கியது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற ஒலியைத் தவிர எதுவும் இல்லை. ஃபோர்மேன் நின்றது. வழக்கம்போல மோக்கிறது என்று அவளும் நின்றாள். அது தலையைத் தாழ்த்தவில்லை. பின்னால் ஒரு எட்டு வந்து, அவள் முழங்காலில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு குறுக்கே நின்றது.

"என்னடா, வலிக்குதா?" என்று குனிந்து முதுகில் கை வைத்தாள். கழுத்திலிருந்து வால் வரை ரோமம் குத்திட்டு நின்றது. உறுமவில்லை. நடுங்கவில்லை. மூக்கு மட்டும் இடமிருந்து வலமாக, மிக மெல்ல, எதையோ தடவிக்கொண்டு போவதுபோலப் போயிற்று.

அவள் பார்த்தாள். வெண்மை. அப்புறம் அவளுக்கும் அந்த வாசனை வந்தது. மாட்டுக்கொட்டகையும் கசங்கின தழையும் சேர்ந்த வாசனை. பனி சற்று அசைந்தது. எதிரே பாறை என்று அவள் நினைத்திருந்தது ஒரு தோள். தோளுக்குக் கீழே, வெள்ளைக் காலுறை போட்டதுபோல ஒரு கால். சமையலறையின் அகலம்கூட இடைவெளி இல்லை. காட்டெருமை. அது வெகுநேரமாக அங்கேயே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்துமதிக்கு ஓடத் தோன்றவில்லை. கை நாயின் முதுகில் இருந்தது, அதை எடுக்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது. காட்டெருமை தலையைத் தாழ்த்தியது. கொம்பில் பனித்துளிகள் வரிசையாக நின்றன. ஒரு பெருமூச்சு விட்டது. அந்தச் சூடு அவள் முகத்தில் வந்து பட்டது. ஃபோர்மேன் மூக்கை உயர்த்தி அந்த மூச்சை வாங்கியது. பெரியதும் சிறியதுமான இரண்டு மூக்குகளும் காற்றில் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை.

பிறகு அது திரும்பி நடந்தது. பனி மூடிக்கொண்டது. அதற்குப் பின்னால் இன்னும் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. செருப்பின் வழியாகத் தரை அதிர்வது தெரிந்தது. ஃபோர்மேனின் மூக்கு ஒவ்வொன்றையும் வழியனுப்பியது. இடமிருந்து வலம் போகும், திரும்பி இடத்துக்கு வரும், மறுபடி போகும். அந்த மூக்கைப் பார்த்துத்தான் ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று என்று அவள் அறிந்தாள். கடைசித் தடவை மூக்கு தாழ்வாக, தரைக்குப் பக்கத்தில் போனது. கன்று, என்று நினைத்தாள். நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு காலமும் இந்த மலையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தான் எங்கே இருந்தோம் என்று இருந்தது.

உள்ளங்கைக்குக் கீழே ரோமம் மெல்லப் படிந்தது.

கயிறு இழுபட்டது. ஃபோர்மேன் முன்னால் நடந்தது. காட்டெருமை நின்றிருந்த இடத்தில் சாணி ஆவி பறக்கக் கிடந்தது. குளம்புத் தடங்களில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நாய் எல்லாவற்றையும் சுற்றிவந்து நிதானமாக மோந்தது. பிறகு பக்கத்துத் தேயிலைச் செடியோடு ஒட்டி நின்றது. இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு அது காலைத் தூக்கி இந்துமதி பார்த்ததே இல்லை. பெட்டை நாய் மாதிரிக் குந்திவிட்டுத்தான் வரும். இப்போது மூன்று காலில் நிலைபார்த்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. சரிப்படுத்திக்கொண்டது. ஒடிந்து ஒட்டிய விலா விரிந்து சுருங்கியது. வலது பின்னங்கால் நடுங்கி நடுங்கி, தரையை விட்டு, ஒரு சாண் உயரம் எழுந்தது.

இந்துமதி கயிற்றைத் தளரவிட்டுக்கொண்டு, அது முடிக்கிறவரை மரியாதையாக நின்றாள்.